ஊசியும் மூளையின் மின்சாரமும்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மேலேறும் பஸ் மடுல்கெல்லக் கடைத்தெருவில் நிற்கும்போது, இறங்குகிறவர்களில் பலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். கொழுந்துக் கூடை சுமந்த இடுப்பு, மண்வெட்டி பிடித்த தோள், சரிவில் ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால். இத்தகைய வலிகளுக்கு அக்குபங்சர் எனப்படும் ஊசி மருத்துவத்தைத் தேடிப் போகிறவர்கள் நம்மிடையே உள்ளனர். நல்ல சுகம் என்கிறார்கள் சிலர். காசு போனதுதான் மிச்சம் என்கிறார்கள் வேறு சிலர்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவர் ஒரு தாய். மண்சரிவு அபாயத்தால் லயத்தை விட்டு வெளியேறி, உறவினர் வீட்டு முன்னறையில் மூன்று பிள்ளைகளுடன் இருக்கிறார். மூத்த பையனுக்கு வலிப்பு நோய். ஊசி போடும் ஒருவர் அவரிடம் ஒரு கடதாசியைக் காட்டியிருக்கிறார். அதில் நெளிநெளியாகக் கோடுகள். மேலே "முன்", கீழே "பின்" என்று எழுதியிருந்தது. மேற்கோடுகள் கரடுமுரடாகவும் கீழ்க்கோடுகள் அழகாகவும் ஒழுங்காகவும் இருந்தன.

"சேர், மூளையில கரண்டு கூடிப்போச்சாம். ஊசி போட்டா சமமாயிரும்னு சொல்றாங்க. பத்து தடவ வரணுமாம். அப்ப குளிசைய நிப்பாட்டிரலாமா?"

ஏமாளித்தனமான கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஊசி குத்தினால் மூளையின் மின்னோட்டத்தில் மாற்றம் ஏற்படுவது உண்மை. ஆனால் அந்த உண்மையிலிருந்து "குளிசையை நிறுத்தலாம்" என்ற முடிவுக்குப் பாய்வதற்கு நடுவே பெரியதொரு பள்ளம் இருக்கிறது. ஒரு பிள்ளையின் உயிரே அதில் விழுந்துவிடலாம்.

முதலில் மூளையின் மின்சாரம் என்றால் என்ன என்று பார்ப்போம். மூளையிலுள்ள கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மிகச் சிறிய மின் துடிப்புக்களாலும் இரசாயனப் பொருட்களாலும் ஆகும். இந்தத் துடிப்புக்களின் கூட்டு ஓசையைத் தலைத்தோலின் மேலிருந்தே பதிவு செய்யலாம். ஏறக்குறைய 20 சிறு உலோகத் தகடுகளைக் களிம்பு தடவித் தலையில் ஒட்டுவார்கள். அவ்வளவுதான். வலி கிடையாது, வெளியிலிருந்து மின்சாரம் உள்ளே செலுத்தப்படுவதும் கிடையாது. சிலர் இதைக் "கரண்டு பிடிக்கிறது" என்று நினைத்துப் பயந்து வராமல் விடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குதான். ஒரு டோர்ச் பற்றரியில் உள்ளதில் ஏறக்குறைய 30,000இல் ஒரு பங்கு என வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பெருக்கித்தான் கோடாக வரைகிறார்கள்.

மனித மூளையிலிருந்து இதை முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜேர்மனியின் ஜேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பேர்கர். ஆண்டு 1924. இளமையில் இராணுவப் பயிற்சியின்போது அவர் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அதே நாளில், தொலைவிலுள்ள வீட்டிலிருந்த அவருடைய சகோதரிக்குக் காரணமின்றி மனம் பதைத்து, தந்தையைத் தந்தி அடிக்கச் சொன்னாராம். ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்கு ஏதோ ஒரு சக்தி பாய்கிறது என்று நம்பிய பேர்கர் அதைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டார். தேடிய சக்தி அகப்படவில்லை. மூளை அலைகள் அகப்பட்டன. 1929இல் அவர் அதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. 1934இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்கார் ஏட்ரியன் அதே அலைகளைப் பதிவு செய்து காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது.

பேர்கர் கண்ட ஒரு செய்தியை இங்கே கவனமாக நினைவில் வைக்க வேண்டும். ஒருவர் விழித்த நிலையில் அமைதியாகக் கண்ணை மூடிக்கொண்டால், தலையின் பின்புறத்தில் செக்கனுக்கு 8 முதல் 13 தடவை அசையும் ஒழுங்கான அலை தோன்றுகிறது. இதற்கு அல்பா அலை என்று பெயர். கண்ணைத் திறந்தால் அது மறைந்துவிடுகிறது. கவலையுடன் கணக்குப் போடும்போது வேகமான சிறு அலைகளும், தூக்கம் சொக்கும்போது மெதுவான அலைகளும், ஆழ்ந்த தூக்கத்தில் இன்னும் மெதுவான பெரிய அலைகளும் வருகின்றன. ஆகவே, அந்தத் தாய் பார்த்த "முன்", "பின்" கோடுகளைப் பெற ஊசியே தேவையில்லை. பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்போடு ஒருவரைப் பதிந்துவிட்டு, அரை மணிநேரம் கட்டிலில் கண்மூடிப் படுக்க வைத்து மறுபடி பதிந்தாலே கோடு அழகாகிவிடும்.

அப்படியானால் ஊசி ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

மண்வெட்டியின் முனை பெருவிரலில் பட்டால் முதலில் சுரீர் என்று ஒரு வலி; சற்றுப் பொறுத்து மந்தமாக, விண்விண் என்று இன்னொரு வலி. இரண்டும் வெவ்வேறு நரம்பிழைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. முதலாவது வேகமான தபால், இரண்டாவது மெதுவான தபால். அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்க்கிறோம் அல்லவா? தேய்க்கும்போது செல்லும் தொடுகைச் செய்தி, வலியின் செய்தியை முள்ளந்தண்டு வடத்திலேயே ஓரளவு மறித்துவிடுகிறது. 1965இல் ரொனால்ட் மெல்ஸாக், பட்ரிக் வோல் என்ற இரு விஞ்ஞானிகள் இதை ஒரு "வாசற்கதவு" போல விளக்கினார்கள். நம் பாட்டிமார் விளக்கமில்லாமலே செய்து வந்த காரியம் இது.

அக்குபங்சர் ஊசி மயிரைப் போல மெல்லியது. அதைத் தோலுக்குள் செலுத்தித் திருகும்போது, அந்த இடத்தில் பாரமாகவும் மரத்ததுபோலவும் ஓர் உணர்வு பரவும். சீனர்கள் இதைத் 'தெச்சி' என்பார்கள். இந்தச் செய்தி நரம்பு வழியாக முள்ளந்தண்டு வடத்துக்கும், அங்கிருந்து மூளைத் தண்டுக்கும், மூளையின் மேற்பகுதிக்கும் செல்கிறது. செல்லும் வழியெல்லாம் மின் துடிப்புத்தான். மூளைத் தண்டிலுள்ள ஒரு பகுதி இதற்குப் பதிலாகக் கீழ்நோக்கிக் கட்டளை அனுப்பி வலியை அடக்குகிறது.

இந்த அடக்குதலின் இரகசியத்தை அறிந்த கதை சுவையானது. 1970களின் தொடக்கத்தில் பீக்கிங்கில் ஹான் ஜிஷெங் என்பவரின் குழுவினர், ஊசிப் புள்ளிகளில் தூண்டப்பட்ட ஒரு முயலின் மூளைத் திரவத்தை எடுத்து, தூண்டப்படாத இன்னொரு முயலின் மூளைக்குள் செலுத்தினார்கள். இரண்டாவது முயலுக்கும் வலி குறைந்தது. ஏதோ ஒரு பொருள் சுரந்து திரவத்தில் கலந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. அது என்ன பொருள்? 1975இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஜோன் ஹியூஸும் ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸும், அபினைப் போல வலியை அடக்கும் பொருள் மூளையிலேயே இயற்கையாகச் சுரப்பதைக் கண்டுபிடித்தனர். அபினின் வேலையைத் தடுக்கும் மருந்தொன்றைக் கொடுத்தால் ஊசியின் வலிநிவாரணமும் குறைந்துவிடுகிறது என்று 1977இல் அமெரிக்க ஆய்வொன்று பல் வலியை வைத்துக் காட்டியது. ஊசியில் மெல்லிய மின்னோட்டத்தை இணைத்து, செக்கனுக்கு 2 துடிப்பு என்று செலுத்தினால் ஒரு வகைப் பொருளும், 100 துடிப்பு என்று செலுத்தினால் வேறொரு வகைப் பொருளும் கூடுதலாகச் சுரப்பதை ஹான் பின்னர் எடுத்துக்காட்டினார். ஆகவே ஊசி வைத்தியத்தை வெறும் கண்கட்டு வித்தை என்று ஒதுக்குவதும் தவறுதான்.

இலங்கைக்கு இது புதிய சங்கதி அல்ல. களுபோவிலயிலுள்ள கொழும்பு தெற்கு அரசாங்க வைத்தியசாலையில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய பல ஆண்டுகள் அக்குபங்சர் சிகிச்சை நடத்தினார். 2005இல் அவர் காலமானார். வெளிநாட்டு வைத்தியர்கள் கூட அங்கு வந்து கற்றுச் சென்றனர். கண்டியில் பெரஹரா யானையை நடத்தும் பாகனைக் கேட்டால், யானையின் உடம்பில் 'நில' என்னும் புள்ளிகள் இருப்பதாகவும், எந்தப் புள்ளியைத் தொட்டால் நிற்கும், எதைத் தொட்டால் திரும்பும் என்றும் சொல்வார். தென் தமிழகத்து வர்ம ஆசான்களிடமும் புள்ளிக் கணக்கு உண்டு. இவையெல்லாம் ஒன்றா வேறா என்பது தனி ஆராய்ச்சி. உடம்பின் ஓரிடத்தைத் தொட்டு இன்னோரிடத்தில் பலன் காணலாம் என்ற எண்ணம் நமக்கு அந்நியமானதல்ல என்பதற்காகவே இங்கு குறிப்பிட்டேன்.

மேல்நாட்டாரின் ஆவல் 1971இல் கிளம்பியது. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் அகற்றும் சத்திர சிகிச்சை நடந்தது. ஊசியை மட்டும் வைத்துக்கொண்டு வயிற்றைக் கிழித்தார்கள் என்று இன்றும் பலர் கதை சொல்வார்கள். உண்மை அதுவல்ல. சத்திர சிகிச்சை வழமையான மரப்பு மருந்து கொடுத்தே செய்யப்பட்டது. அடுத்த நாள் வந்த வயிற்று உப்புசத்துக்கும் வலிக்குமே ஊசி போடப்பட்டது. ஒரு கதை வாய்விட்டு வாய் போகும்போது எப்படி வளர்கிறது பாருங்கள். மடுல்கெல்லக் கடைத்தெருவிலும் அப்படித்தான்.

மூளை அலைகளுக்கே திரும்புவோம். ஊசி போடும்போது அலைகளைப் பதிந்த ஆய்வுகள் நிறைய உண்டு. பெரும்பாலானவை சிறியவை, சில பத்துப் பேரை வைத்துச் செய்தவை. அவற்றின் முடிவுகளும் ஒரே திசையைக் காட்டவில்லை. சிலவற்றில் அல்பா அலை கூடியது, சிலவற்றில் குறைந்தது, வேறு சிலவற்றில் மெதுவான அலைகள் கூடின. 2003இல் கிரேக்க நாட்டு மயக்க மருந்து நிபுணர்கள் ஒரு சோதனை செய்தனர். இரு புருவங்களுக்கும் நடுவே, நாம் பொட்டு வைக்கும் இடத்தில், ஊசி கூட இல்லாமல் விரலால் அழுத்தினார்கள். மூளை அலைகளைக் கொண்டு விழிப்பின் அளவைக் காட்டும் கருவியில் எண் இறங்கியது, மனப்பதற்றமும் குறைந்தது. விரலை எடுத்த பிறகு எண் பழையபடி ஏறிவிட்டது. மாற்றம் உண்மையானது; ஆனால் நிலைத்து நிற்கவில்லை.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கத்லீன் ஹூய் என்பவரின் குழு வேறொரு வழியில் பார்த்தது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள புள்ளியில் ஊசி திருகப்படும்போது, பயம், நினைவு போன்றவற்றோடு தொடர்புடைய மூளையின் உட்பகுதிகளில் செயல் தணிவதை ஸ்கான் படத்தில் கண்டார்கள். இந்த ஸ்கான் மின்சாரத்தை அளப்பதில்லை, இரத்த ஓட்டத்தின் மாற்றத்தையே அளக்கிறது. ஆயினும், வலியைக் காட்டிலும் வலியினால் வரும் பதைப்பை ஊசி தணிக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு தடயம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் ஆய்வு. ஜேர்மனியில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரை மூன்று பகுதியினராகப் பிரித்தார்கள். முதற் பகுதியினருக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இரண்டாம் பகுதியினருக்குப் புள்ளியே இல்லாத இடங்களில், மேலோட்டமாக, பெயருக்கு ஊசி. மூன்றாம் பகுதியினருக்கு வழமையான குளிசையும் உடற்பயிற்சியும். 2007இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களின் பின் முதற் பகுதியில் 47.6 சதவீதத்தினரும், இரண்டாம் பகுதியில் 44.2 சதவீதத்தினரும், மூன்றாம் பகுதியில் 27.4 சதவீதத்தினரும் குறிப்பிடத்தக்க சுகம் கண்டிருந்தனர். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சுகம் கூடியது மெய்தான். ஆனால் எங்கே குத்தினார்கள் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. அமைதியாகப் படுத்திருப்பது, ஒருவர் அக்கறையோடு தொட்டுக் கேட்பது, சுகமாகும் என்ற எதிர்பார்ப்பு, எந்த இடத்திலானாலும் நரம்புக்குக் கிடைக்கும் தூண்டுதல் ஆகியவை எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன போலும். இடுப்பு வலிக்காரருக்கு இது கெட்ட செய்தியல்ல. ஆனால் "இந்தப் புள்ளி எனக்குத்தான் தெரியும்" என்று கூடுதலாகக் காசு கேட்கிறவரிடம் யோசித்துப் பேசலாம்.

வலியின் கதை இது. வலிப்பின் கதை முற்றிலும் வேறு.

காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடி நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த இரைச்சலே மூளையின் இயல்பான நிலை. திடீரென எல்லோரும் ஒரே சொல்லை ஒரே தாளத்தில் கத்தத் தொடங்கினால் எந்த வேலையும் நடக்காது. வலிப்பின்போது மூளையின் கலங்கள் அப்படித்தான் ஒன்றுசேர்ந்து துடிக்கின்றன. "கரண்டு கூடிப்போச்சு" என்பது பாதி உண்மை. கட்டுப்பாடின்றி ஒன்றுசேர்ந்துவிட்டது என்பதே சரி. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வலிப்பு வராத நேரத்தில் பதிந்தால், நோயுள்ளவரின் கோடுகளும் நலமாகவே தோன்றலாம். முதற் பதிவில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இப்படித்தான். எனவே ஒரு கடதாசி அழகாக இருப்பதை வைத்து நோய் போய்விட்டது என்று கூற எந்த நரம்பியல் நிபுணரும் துணியமாட்டார்.

ஊசி வலிப்பை நிறுத்துமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். நோர்வேயில், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 34 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. சரியான புள்ளியில் ஊசி போட்டவர்களுக்கும் பெயருக்குப் போட்டவர்களுக்கும் இடையே நம்பத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஹொங்கொங் மருத்துவர்கள் இப்படிப்பட்ட 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, வலிப்புக்கு ஊசியைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று 2014இல் எழுதினார்கள். நரம்பு வழியே மின்துடிப்பை அனுப்பி வலிப்பைக் குறைக்கும் எண்ணம் அடியோடு பிழையானது என்பதல்ல; கழுத்து நரம்பில் கம்பி சுற்றி, நெஞ்சில் சிறு கருவி பதிக்கும் முறை 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது சத்திர சிகிச்சை செய்து பொருத்தும் கருவி. அதை வைத்துக்கொண்டவர்கள் கூடப் பெரும்பாலும் குளிசையை விடுவதில்லை.

குளிசையின் நிலை என்ன? முறையாக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நமது அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குகளில் வலிப்புக் குளிசைகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் பலமாகத் திரும்பும். விடாமல் தொடர்ந்து வந்து உயிரையும் பறிக்கக்கூடும். குறைப்பதானாலும் மாற்றுவதானாலும் வைத்தியர் சொல்லி, படிப்படியாகவே நடக்க வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் கருத்தரிக்க எண்ணினால் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்ல வேண்டும். சில குளிசைகள் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். அப்போதும் தாமாக நிறுத்தக்கூடாது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதிலே தனிக் கஷ்டங்கள் உண்டு. அவசரத்தில் ஓடும்போது அரிசியையும் அடையாள அட்டையையும் எடுக்கிறோம். கிளினிக் கொப்பி மழையில் போய்விடுகிறது. புதிய இடத்தில் எந்த வைத்தியசாலைக்குப் போவது என்று தெரிவதில்லை. பத்துப் பேர் படுக்கும் அறையில் தூக்கமும் இல்லை; தூக்கமின்மையே வலிப்பைத் தூண்டும். குளிசை தீர்ந்து, வலிப்புத் திரும்பி, "மருந்து பலிக்கவில்லை" என்று மனம் தளரும் சமயத்தில்தான் கடதாசியோடு ஒருவர் வருகிறார். அந்தத் தாயின் வீட்டில் நடந்ததும் இதுதான். கொப்பி இல்லாவிட்டாலும் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், வெறும் குளிசை உறையைக் காட்டினாலே மருந்தின் பெயரை அறிந்துகொள்வார்கள். மருந்து எழுதிய பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருப்பது இன்னும் நல்லது.

வலிப்பு வந்தவரின் கையில் சாவியையோ இரும்பையோ திணிப்பது நம் ஊரில் இன்னும் போகவில்லை. அதனால் பயனில்லை. வாய்க்குள் கரண்டி, துணி எதையும் வைக்க வேண்டாம். கவ்வாத்துக் கத்தி, அடுப்பு, கல் முதலியவற்றை விலக்கி, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தால், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இடுப்பு, முழங்கால், தலைவலிக்கு ஊசி போட விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம். உறை பிரிக்காத புது ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட்டால் ஈரல் அழற்சியும் எய்ட்ஸ் கிருமியும் தொற்றலாம். நெஞ்சிலும் முதுகின் மேற்பகுதியிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழக்கூடும். கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், நெஞ்சில் கருவி பொருத்தியவர்கள், வலிப்பு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். முக்கியமாக ஊசியில் மின்னோட்டம் இணைப்பதாக இருந்தால். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ ஊசிக்காரரிடம் போகாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப என் முழங்காலுக்குப் போடலாம்தானே, சேர்?" என்றார். போடலாம் என்றேன். அடுத்த வாரம் பையனைக் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போய் குளிசையும் புதுக் கொப்பியும் வாங்கி வந்துவிட்டார். கொப்பிக்குப் பொலித்தீன் உறை போட்டு, அடையாள அட்டை வைக்கும் பைக்குள்ளேயே அதையும் வைத்திருக்கிறார்.